வெறும் வயிறும் வரக்காபியும்: இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் பெண்களின் மூளைக்கு நல்லதா?

சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு வந்து சேர்ந்தால், காலை ஏழு மணிக்கு அந்த மலையில் இரண்டு விதமான வெறும் வயிறுகள் இருக்கும்.

ஒன்று, வார இறுதிக்கு பெங்களூரு, சென்னை, கோவையில் இருந்து வந்திருக்கும் பெண்ணுடையது. செல்போன் ஆப்பில் ஒரு வட்டம் ஓடிக்கொண்டிருக்கும். 'இன்னும் 5 மணி நேரம்' என்று காட்டும். ரிசார்ட் பஃபேயில் இட்லியும் பூரியும் ஆவி பறக்க இருந்தாலும் தொட மாட்டார். பால், சர்க்கரை இல்லாத வரக்காபி மட்டும். இன்னொன்று, காபித் தோட்ட வேலைக்குக் கிளம்பும் பெண்ணுடையது. வீட்டில் எல்லாருக்கும் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மணியைப் பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் வரக்காபியை வாயில் ஊற்றிக்கொண்டு ஓடுவார்.

முதல் பெண் செய்வதற்கு இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் என்று பெயர். இரண்டாவது பெண் செய்வதற்குப் பெயரே கிடையாது. "காலையில சாப்பிட நேரமில்ல" என்பதோடு முடிந்துவிடும்.

முதல் பெண்ணிடம், "இதனால் உன் மூளை ஷார்ப் ஆகும், மனசு லேசாகும், கவனம் கூடும்" என்று ரீல்ஸ் சொல்கிறது. அது உண்மை என்றால், வருஷக்கணக்காகக் காலைச் சாப்பாடு இல்லாமல் வேலைக்குப் போகும் இரண்டாவது பெண்ணுக்கும் அந்தப் பலன்கள் கிடைத்திருக்க வேண்டும், இல்லையா? யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் தலைசுற்றலும் சோர்வும்தான். அப்போ எங்கே இடிக்கிறது?

மூளைக்கு என்ன ஆகிறது?

முதலில் பெயர்களை முடித்துவிடலாம். 16 மணி நேரம் சாப்பிடாமல், மீதி 8 மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடிப்பது 16:8. வாரத்தில் 5 நாள் வழக்கம்போலச் சாப்பிட்டு, 2 நாள் மிகக் குறைவாகச் சாப்பிடுவது 5:2. ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேளை என்பது ஓமேட். நம்மூரில் அதிகம் பேர் செய்வது 16:8தான். இரவு எட்டு மணிக்கு முடித்து, மறுநாள் பகல் 12 மணிக்குத் திறப்பது.

நம் மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிடித்த எரிபொருள் குளுக்கோஸ். கடைசியாகச் சாப்பிட்டு சுமார் 12 மணி நேரம் தாண்டிய பிறகு, கல்லீரலில் சேமித்து வைத்த சர்க்கரை குறையக் குறைய, உடல் கொழுப்பை உடைத்து கீட்டோன்களை உருவாக்கும். மூளை அதையும் எரித்துக்கொள்ளும். இந்த எரிபொருள் மாற்றம் நரம்பு செல்களுக்கு ஒரு சின்ன உடற்பயிற்சி மாதிரி, அவற்றை வலுவாக்கும் என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படை வாதம். அமெரிக்க நரம்பியல் விஞ்ஞானி மார்க் மேட்சனும் ரஃபேல் டி காபோவும் 2019 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதிய கட்டுரை இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதற்கு மூன்று வருஷம் முன்னால், செல்கள் தங்கள் குப்பையைத் தாங்களே செரித்துக்கொள்ளும் ஆட்டோஃபேஜி ஆராய்ச்சிக்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு நோபல் கிடைத்திருந்தது. இரண்டும் சேர்ந்து, "பட்டினிக்கு நோபல் பரிசு" என்ற வாட்ஸ்அப் ஃபார்வேர்டாக மாறிவிட்டது. ஓசுமி ஆராய்ந்தது ஈஸ்ட் செல்களை. பெங்களூரு ஐ.டி. ஊழியரை அல்ல.

மூளைக்கு நல்லது என்பதற்கான ஆதாரங்களில் பெரும்பங்கு எலிகளிடம் இருந்து வந்தது. மனிதர்களிடம் செய்ததில் முக்கியமான ஒன்று 2024-ல் செல் மெட்டபாலிசம் இதழில் வெளியானது. 55 முதல் 70 வயதுக்குள், இன்சுலின் எதிர்ப்பு இருக்கும் 40 பேர். எட்டு வாரம். ஒரு பாதி 5:2 விரதம், இன்னொரு பாதி விரதம் எதுவும் இல்லாத ஆரோக்கிய உணவு. முடிவில், மூளை சம்பந்தப்பட்ட குறியீடுகள் இரண்டு பக்கமும் முன்னேறின. நினைவாற்றல், திட்டமிடும் திறன் போன்ற சிலவற்றில் விரதக் குழு கொஞ்சம் கூடுதலாக முன்னேறியது. நல்ல செய்திதான். ஆனா அதில் 27 வயதுப் பெண் யாரும் இல்லை. ஒல்லியான பெண்ணும் இல்லை. சர்க்கரை நோயின் வாசலில் நிற்கும் 60 வயதுக்காரருக்குக் கிடைத்த பலனை, மூன்று மாதமாக ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டாத 27 வயதுப் பெண்ணுக்கு அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாது.

அதே நேரம், "காலையில் சாப்பிடாவிட்டால் மூளை வேலை செய்யாது" என்று அம்மாக்கள் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. 2025-ல் சைக்கலாஜிக்கல் புல்லட்டின் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, 71 ஆய்வுகளில் பங்கேற்ற 3,484 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஆரோக்கியமான பெரியவர்களுக்குக் குறுகிய நேரப் பட்டினியால் நினைவாற்றலோ கவனமோ பெரிதாகக் குறையவில்லை. ஒரு மீட்டிங்கை வெறும் வயிற்றில் தாராளமாகச் சமாளிக்கலாம். விதிவிலக்குகள்தான் சுவாரஸ்யம். பட்டினி 12 மணி நேரத்தைத் தாண்டிப் போகப் போகத் திறன் கொஞ்சம் சரிந்தது. சாப்பாடு சம்பந்தப்பட்ட படங்கள், வார்த்தைகள் வந்தால் கவனம் சிதறியது. (பக்கத்து சீட்டில் பிரியாணி பார்சல் பிரிக்கப்படும்போது எக்செல் ஷீட் மங்கலாகத் தெரிவது உங்கள் தவறில்லை.) பெரியவர்களைவிடக் குழந்தைகள் தெளிவாகவே பின்தங்கினார்கள்.

இந்தக் கடைசி விஷயம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவான காலை உணவுத் திட்டத்தின் அடிப்படையே இதுதான். பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது. ஒரு பக்கம் அரசாங்கம் காலைச் சாப்பாட்டைப் பள்ளிக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. இன்னொரு பக்கம், பிளஸ் டூ படிக்கும் மகளை அம்மா தன்னுடைய ஃபாஸ்டிங் ஆப்பில் சேர்த்துவிடுகிறார். வளரும் வயதில் இந்தப் பரிசோதனை வேண்டாம். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை.

ஆண் எலி, ஆண் மனிதன்

இந்தத் துறையின் ஆய்வுகளை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் கண்ணை உறுத்தும். சாப்பிடும் நேரத்தைக் குறுக்குவது எடையைக் கட்டுப்படுத்தும் என்று 2012-ல் காட்டிப் பிரபலமானது, ஒடிசாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் சச்சின் பாண்டாவின் குழு. அதில் பயன்பட்டவை ஆண் எலிகள். அதே குழு 2021-ல் பெண் எலிகளையும் சேர்த்துப் பார்த்தபோது, ஆண் எலிகளின் எடை கூடாமல் காத்த அதே நேரக்கட்டுப்பாடு பெண் எலிகளின் எடையைக் கட்டுப்படுத்தவில்லை. கல்லீரல் போன்றவற்றில் பலன் இருந்தது, எடையில் இல்லை. மாலைக்கு முன்பே சாப்பாட்டை முடித்தால் இன்சுலின் சீராகும் என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 2018 ஆய்வில் முழுதாகப் பங்கேற்றவர்கள் 8 பேர். எட்டுப் பேரும் ஆண்கள்.

பட்டினி மனதை என்ன செய்யும் என்பதற்கு இன்றுவரை எல்லாரும் காட்டும் பெரிய உதாரணமும் ஆண்களுடையதே. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களுக்கு ஆறு மாத காலம் அரைப்பட்டினி போட்டார். அவர்கள் சாப்பாட்டைப் பற்றியே கனவு கண்டார்கள். சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். எரிச்சல், சோகம், ஒதுங்கிப்போவது, எதிலும் ஆர்வமின்மை எல்லாம் வந்தன. ஒரு நாளைக்கு அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது சுமார் 1,570 கலோரி. இன்றைக்கு இளம் பெண்கள் "டயட்ல இருக்கேன்" என்று சொல்லிச் சாப்பிடும் பல சார்ட்கள் 1,200 கலோரியில் நிற்கின்றன. மினசோட்டா இளைஞர்கள் உயரமான ஆண்கள், வாரம் 35 கிலோமீட்டர் நடந்தவர்கள், ஒப்பீடு நேருக்கு நேர் அல்ல. ஆனாலும் அந்த எண் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது.

பெண் உடல் ஏன் தனியாகப் பேசப்பட வேண்டும்? மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதாலமஸ் என்ற சிறு பகுதி, பசி, தூக்கம், மன அழுத்த ஹார்மோன், மாதவிடாய் எல்லாவற்றையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து நிர்வகிக்கிறது. உடலுக்குள் வரும் சக்தி போதவில்லை என்று அதற்குத் தெரிந்தால், முதலில் கை வைப்பது இனப்பெருக்கச் செலவில்தான். வீட்டில் பணம் இல்லையென்றால் முதலில் தீபாவளிப் பட்டாசை வெட்டுவது மாதிரி. ஆன் லௌக்ஸ் என்ற ஆய்வாளர் 2003-ல் இதை அளந்து காட்டினார். சரியான மாதவிடாய்ச் சுழற்சி உள்ள 29 இளம் பெண்கள், ஐந்தே நாட்கள். கொழுப்பைக் கழித்த உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, உடற்பயிற்சிச் செலவு போக, நாளுக்கு 30 கலோரிக்குக் கீழே போனதும் கருமுட்டை வெளிவரத் தூண்டும் ஹார்மோனின் துடிப்பு குலைய ஆரம்பித்தது.

கணக்கு போட்டுப் பாருங்கள். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்குக் கொழுப்பைக் கழித்தால் சுமார் 36 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 16:8-ல் இரண்டு வேளையாகச் சாப்பிட்டு 1,300 கலோரி உள்ளே போகிறது. காலையில் சேர்வராயன் கோயில் வரை ஏறி இறங்கியோ, ஊரில் டிரெட்மில்லிலோ 350 கலோரி செலவாகிறது. மிச்சம் 950. கிலோவுக்கு 26தான் வருகிறது. அதாவது எல்லைக்குக் கீழே. அவர் 'டயட்' இருப்பதாகக்கூட நினைத்திருக்க மாட்டார். மூன்று வேளை இரண்டானதும் தானாகக் குறைந்தது, அவ்வளவுதான்.

பஞ்சாபின் அமிர்தசரஸில் உள்ள குரு நானக் தேவ் பல்கலைக்கழகத்தில் 2013-ல் இளம் எலிகளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பட்டினி போட்டபோதும், மூளையில் தொடங்கி சினைப்பை வரைக்கும் போகும் இந்தக் கட்டளைச் சங்கிலி பாதிக்கப்பட்டது பதிவானது. எலிதானே என்று இதையும் தள்ளலாம். நியாயம்தான், நல்ல பலனை எலியில் இருந்து எடுத்துக்கொள்ளாதவர் என்றால்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சிகாகோவில் கிறிஸ்டா வரடியின் குழு, உடல் பருமன் உள்ள 23 பெண்களை, மாதவிடாய் இருப்பவர்கள், நின்றவர்கள் இருவரையும், எட்டு வாரம் ஒரு நாளைக்கு 4 அல்லது 6 மணி நேரத்துக்குள் சாப்பிட வைத்து 2022-ல் முடிவை வெளியிட்டது. ஈஸ்ட்ரோஜன் போன்ற முக்கிய ஹார்மோன்கள் மாறவில்லை. டி.எச்.இ.ஏ. என்ற ஒன்று மட்டும் சுமார் 14 சதவீதம் குறைந்தது. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களிடம் சீனாவில் நடந்த 2021 ஆய்வில், எட்டு மணி நேரச் சாப்பாட்டு முறையைப் பின்பற்றிய 15 பேரில் 11 பேருக்கு மாதவிடாய் ஒழுங்கானது. ஆக, "பெண்கள் செய்யவே கூடாது" என்று கத்தும் யூடியூப் தம்ப்நெயிலும் பொய்தான்.

சேமிப்பு உள்ள உடலுக்கும், சேமிப்பே இல்லாத உடலுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. அதிக எடை, இன்சுலின் எதிர்ப்பு, சில வகை பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு இது ஒரு கருவி. மெலிந்த, ரத்தசோகை உள்ள, தூக்கம் குறைந்த, ஏற்கெனவே மன அழுத்தத்தில் இருக்கும் பெண்ணுக்கு இது இன்னொரு சுமை. பிரச்னை என்னவென்றால், ஆப் டவுன்லோடு செய்யும்போது முதல் வகையா இரண்டாம் வகையா என்று கேட்க அங்கே டாக்டர் உட்கார்ந்திருப்பதில்லை.

மனசு லேசாகிறதா, வெறுமையாகிறதா?

விரதம் இருந்தவர்களிடம் மனச்சோர்வு மதிப்பெண் ஓரளவு குறைந்ததாகச் சொல்லும் தொகுப்பாய்வுகள் உண்டு. பொய் இல்லை. ஆனா அவற்றில் பங்கேற்றவர்களில் நிறையப் பேர் எடை குறைக்க விரும்பியவர்கள். எடை குறைந்த சந்தோஷம் எவ்வளவு, விரதத்தின் விளைவு எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். யாராவது வாராவாரம் கூப்பிட்டு "எப்படி இருக்கீங்க?" என்று விசாரித்ததே பாதி மருந்தாக வேலை செய்திருக்கலாம்.

கவலைப்பட வேண்டிய தகவல் கனடாவில் இருந்து வந்தது. 2022-ல் வெளியான ஆய்வில் 2,762 பதின்வயதினர், இளைஞர்களிடம் கேட்டபோது, பெண்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் கடந்த ஒரு வருடத்தில் இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் செய்ததாகச் சொன்னார்கள். அப்படிச் செய்த பெண்களிடம் அளவுமீறிச் சாப்பிடுவது, வாந்தி எடுப்பது, வெறித்தனமாக உடற்பயிற்சி செய்வது போன்ற உணவுச் சீர்குலைவு நடத்தைகள் அதிகம் இருந்தன. எது முதலில் வந்தது, விரதமா சீர்குலைவா என்று இந்த வகை ஆய்வால் சொல்ல முடியாது. ஆனால் அதுவே பயமுறுத்துகிறது. ஏற்கெனவே சாப்பாட்டோடு சண்டையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, 'ஐ.எஃப்.ல இருக்கேன்' என்ற இரண்டு வார்த்தை எவ்வளவு வசதியான மறைப்பு! யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பாராட்டுவார்கள்.

தமிழ் வீடுகளில் இந்த மறைப்புக்கு இன்னொரு அடுக்கும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விரதம், கிருத்திகை, சஷ்டி, ஏகாதசி, சோமவாரம் என்று பெண்களின் பட்டினிக்கு நம் காலண்டரில் நிறைய இடம் உண்டு. "எங்க பாட்டி செய்ததுதான் இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்" என்று சொல்வது இப்போது ஃபேஷன். அது முழுச் சரியில்லை. பாட்டியின் விரதத்துக்கு ஒரு முடிவு தேதி இருந்தது. விரதம் முடிந்ததும் இலை போட்டுச் சாப்பாடு இருந்தது. கர்ப்பிணிக்கும் நோயாளிக்கும் "உனக்கு வேண்டாம்மா" என்று சொல்ல வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். ரம்ஜான் நோன்பிலும் கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், நோயாளிகளுக்குச் சலுகை உண்டு, மாதவிடாய் நாட்களில் பெண்கள் நோன்பு வைப்பதில்லை. ஆப்பில் இருப்பது 'ஸ்ட்ரீக்'. 43 நாள் விடாமல் செய்திருக்கிறாய், இன்று உடைத்துவிடாதே என்று அது மிரட்டும். மாதவிடாயின் முதல் நாள், தலைவலியோடு இருக்கும் பெண்ணுக்கு அந்த நோட்டிஃபிகேஷன் எவ்வளவு கொடுமை என்று வடிவமைத்தவர் யோசித்திருப்பாரா தெரியவில்லை.

பாட்டியின் விரதத்தையும் ரொம்பப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. வீட்டில் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் விரதம் இருந்தார்கள், கடைசியாகச் சாப்பிட்டதும் அவர்கள்தான். மிச்சம் இருந்தால்.

தமிழ்நாட்டின் கணக்கு வேறு

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் 40.4 சதவீதம் பெண்கள் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். 12.6 சதவீதம் பேர் எடை குறைவானவர்கள். இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதிக எடையும் ரத்தசோகையும் ஒரே பெண்ணிடம் இருப்பது இங்கே சாதாரணம். வயிறு நிறைகிறது, சத்து நிறையவில்லை. அந்தப் பெண் எடையைப் பார்த்துவிட்டு 16:8 ஆரம்பிக்கிறார். இரும்புச்சத்தைப் பார்ப்பதில்லை.

இரும்புக்கும் மூளைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஊக்கத்தையும் கவனத்தையும் நிர்வகிக்கும் டோபமைனை மூளை தயாரிக்க இரும்பு வேண்டும். அது குறைந்தால் சோர்வு, எரிச்சல், மறதி, எதிலும் மனம் ஒட்டாத நிலை வரும். இதைத்தான் நிறையப் பேர் 'பிரெய்ன் ஃபாக்' என்கிறார்கள். அதைச் சரிசெய்யத்தான் ஃபாஸ்டிங் ஆரம்பிக்கிறார்கள்! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை. ஆணுக்கு 19 போதும். புரதம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு சுமார் 46 கிராம். மூன்று வேளையிலேயே இதை எட்டாத தட்டு, இரண்டு வேளையில் எட்டுமா? பகல் 12 மணிக்கு விரதத்தை முடிப்பது சாதம், ரசம், உருளைக்கிழங்கு வறுவலோடு என்றால் நிச்சயம் எட்டாது.

இப்போது வரக்காபிக்கு வரலாம். சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820-களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில். இருநூறு வருஷம் கழித்து அந்தக் காபி ஃபாஸ்டிங் உலகின் அதிகாரபூர்வ பானமாகிவிட்டது. கலோரி இல்லை, பசி அடங்கும், கவனம் வரும். எல்லாம் உண்மை. ஆனால் 1983-ல் அமெரிக்காவில் செய்த ஒரு பரிசோதனையில், சாப்பாட்டோடு ஒரு கப் காபி குடித்தபோது உடல் உறிஞ்சிய இரும்பின் அளவு 39 சதவீதம் குறைந்தது. டீ என்றால் 64 சதவீதம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் காபியின் பாதிப்பு அதே அளவு. சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்தால் மட்டும் பாதிப்பு இல்லை. ஆகவே காலை வரக்காபி பெரிய வில்லன் இல்லை. மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு "தூக்கம் வருது" என்று குடிக்கிறோமே, அதுதான். இத்துடன், வெறும் வயிற்றில் இரண்டு மூன்று கப் இறக்கினால் சிலருக்குப் படபடப்பும் கை நடுக்கமும் வரும். ஏற்கெனவே பதற்றக் கோளாறு உள்ளவர்களுக்கு அது பீதியின் தொடக்கம் மாதிரியே தோன்றும். பசியா, காஃபீனா, பதற்றமா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் தவிப்பார்கள்.

அந்த இரண்டாவது பெண்ணை மறந்துவிட வேண்டாம். காபிப் பழம் பறிக்கும் சீசன் ஏறக்குறைய நவம்பரில் இருந்து ஜனவரி வரை, மலையில் குளிர் கடிக்கும் காலம். சரிவில் நின்று, குனிந்து, கூடை சுமக்கும் வேலை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது அரை மணி நேர ஓய்வு வேண்டும் என்று 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் எழுதிவைத்தது. அந்த அரை மணி நேரம் உண்மையில் சாப்பாட்டு நேரமாகக் கிடைக்கிறதா, தூக்குவாளியில் என்ன இருக்கிறது என்பதுதான் அவருடைய மூளை ஆரோக்கியத்தின் கேள்வி. ஆட்டோஃபேஜி அல்ல. மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறைகளாகச் சாப்பிட்ட ராகிக் களி, சாமைச் சோறு, கீரை, கொள்ளு எல்லாம் இன்று ரிசார்ட் மெனுவில் 'மில்லட் டீடாக்ஸ்' என்று விலைபோகிறது. விளைவித்தவர் வீட்டுத் தட்டில் ரேஷன் அரிசி. இதைச் சொல்லாமல் பட்டினியின் நன்மைகளை மட்டும் பேசுவது அரைகுறைப் பேச்சு.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இங்கேதான் பதில். தானாக விரும்பி, எப்போது முடியும் என்று தெரிந்து, முடிந்ததும் நல்ல சாப்பாடு காத்திருக்கும் பட்டினி ஒரு வகை. வேறு வழியில்லாமல், முடிவு தெரியாமல், குறைவான சாப்பாட்டில் போய் முடியும் பட்டினி இன்னொரு வகை. மன அழுத்தம் இரண்டிலும் ஒன்றல்ல. ஆனால் ஹைபோதாலமஸ் கலோரியைத்தான் எண்ணுகிறது. வசதியுள்ள பெண்ணும் தேவைக்குக் குறைவாகவே தொடர்ந்து சாப்பிட்டால், அது அவரையும் பஞ்சத்தில் இருப்பவராகத்தான் நடத்தும்.

சரி, அப்போ என்ன செய்யலாம்?

எடைக்காக மட்டும் என்றால், ஆர்வத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 116 பேரை வைத்து 2020-ல் வெளியான ஆய்வில், 16:8 செய்தவர்கள் மூன்று வேளை சாப்பிட்டவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக எடை குறைக்கவில்லை. சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்து 2022-ல் வந்த ஆய்விலும், கலோரியைக் குறைத்தவர்கள் நேரத்தைக் குறுக்கினாலும் குறுக்காவிட்டாலும் ஏறக்குறைய ஒரே பலன்தான். மணி பார்ப்பது சிலருக்குக் கலோரி எண்ணுவதைவிடச் சுலபம், அந்த வசதிக்காகச் செய்யலாம். மாயம் எதுவும் இல்லை.

பெரும்பாலான பெண்களுக்கு 12 மணி நேர இடைவெளியே போதுமான, பாதுகாப்பான தொடக்கம். இரவு ஏழரைக்கு முடித்து, காலை ஏழரைக்குச் சாப்பிடுவது. நள்ளிரவு ஸ்விக்கியை நிறுத்துவதுதான் இதில் உண்மையான வேலை. சாப்பிடும் வேளைகளில் முட்டை, பயறு, கொள்ளு, மீன், முருங்கைக்கீரை, ராகி ஏதாவது இருக்க வேண்டும், கூடவே இரும்பை உறிஞ்ச உதவும் எலுமிச்சையோ நெல்லிக்காயோ. தொடங்கும் முன் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ரத்தசோகை வருவதற்கு முன்பே இரும்புச் சேமிப்பு தீர்ந்திருந்தால் அதுதான் காட்டிக்கொடுக்கும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குட்பட்டவர்கள், எடை குறைவானவர்கள், முன்பு எப்போதாவது உணவுச் சீர்குலைவு இருந்தவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைத் தடாலென இறக்கும் மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரிடம் கேட்காமல் ஒரு வேளையைக்கூட விடக் கூடாது, அதிலும் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் பிடிக்கும் நாளில். மனநல மருந்து எடுப்பவர்களும் அப்படித்தான். குறிப்பாக லித்தியம் எடுப்பவர்களுக்கு, தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தாக ஏறலாம். மைக்ரேன் உள்ளவர்களுக்குப் பட்டினியே தலைவலியைத் தூண்டும்.

ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது எடை எந்திரத்தை அல்ல. மாதவிடாய் தள்ளிப்போகிறதா? அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு தட்டுகிறதா? முடி கொட்டுகிறதா, எப்போதும் குளிர்கிறதா? சாப்பாட்டு நேரம் திறந்ததும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டு, அப்புறம் குற்ற உணர்வில் மறுநாள் விரதத்தை நீட்டிக்கிறீர்களா? ஃப்ரெண்ட்ஸோடு வெளியே சாப்பிடப் போவதைத் தவிர்க்கக் காரணம் தேடுகிறீர்களா? இதில் ஏதாவது ஒன்று இரண்டு மாதமாக இருந்தால் ஸ்ட்ரீக்கை உடைத்துவிட்டு, மகப்பேறு மருத்துவரையோ பொது மருத்துவரையோ பாருங்கள். சாப்பாட்டைப் பற்றிய எண்ணமே நாள் முழுக்க ஓடுகிறது, அழுகை வருகிறது, யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-க்கு எந்த நேரத்திலும் இலவசமாகக் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம்.